கேட்பு, வசூல், நிலுவை: உச்ச நீதிமன்றத்தின் இலவச இணையச் சேவைக்கு ஒரு கணக்குப் பிரிவுக்காரியின் மதிப்புரை

1989 அக்டோபர் 25-க்குப் பிறகு என் பதிவேட்டில் ஒரு வரி காலியானது.

நான் திருநெல்வேலி மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் 34 ஆண்டுகள் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள். இளநிலை உதவியாளராகச் சேர்ந்த புதிதில் என்னிடம் தந்த முதல் பெரிய புத்தகம் கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேடு. இந்த ஆண்டு எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி என்று மூன்று பத்திகள். அதில் லோக்கல் செஸ் என்று ஓர் இனம் உண்டு. நிலவரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 45 காசு என்று 1958ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டம் 115ஆம் பிரிவில் விதித்த மேல்வரி அது. சுண்ணாம்புக்கல் வெட்டும் நிறுவனங்கள் அரசுக்குக் கட்டும் ராயல்டியும் நிலவரி என்ற சொல்லில் அடங்கும் என்று 1964-ல் சட்டத்தில் ஒரு விளக்கத்தைச் சேர்த்திருந்தார்கள். எங்கள் பக்கம் சுண்ணாம்புக்கல் பூமி. அந்த ஒரு விளக்கத்தால் வந்த பணத்தில் எத்தனை கல்வெட்டுப் பாலம், எத்தனை பள்ளிக்கூட ஓடு மாற்றியிருப்போம் என்று என்னால் விரல்விட்டுச் சொல்ல முடியும்.

ஒருநாள் கண்காணிப்பாளர் வந்து, ராயல்டி மேல் இனிமேல் செஸ் கிடையாது, உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது என்றார். ஏன் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த இனத்துக்குப் போய்விட்டோம். அந்த ‘ஏன்’ எனக்குக் கிடைத்தது 2023-ல், பணி ஓய்வுக்குப் பிறகு, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து. அதைக் கொடுத்த சேவையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 2 அன்று ‘இ-எஸ்.சி.ஆர்.’ என்ற இணையதளத்தைத் தொடங்கியது. 1950 முதல் நீதிமன்றம் தன் அதிகாரபூர்வத் தொகுப்பில் வெளியிட்ட தீர்ப்புகளை யாரும் காசில்லாமல் படிக்கலாம். அதற்கு முன்பு ஒரு பழைய தீர்ப்பைப் பார்க்க வேண்டுமானால் எனக்கு வழக்கறிஞர் வீட்டு அலமாரிதான் கதி. இதோடு இன்னும் இரண்டைச் சேர்த்து ஒரே சேவையாக நான் பயன்படுத்துகிறேன்: 2022 செப்டம்பர் 27 முதல் அரசியல் சாசன அமர்வின் (5 அல்லது அதற்கு மேற்பட்ட நீதிபதிகள் சேர்ந்து உட்காரும் அமர்வு) விசாரணைகளை நேரலையில் காட்டுகிறார்கள், 2023 பிப்ரவரி முதல் அந்த விசாரணைகளில் பேசியதை எழுத்தாகவும் வெளியிடுகிறார்கள். மூன்றுமே இலவசம். மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் நடக்கும் வழக்குகளை ஆர்வத்தோடு கவனிக்கிறவர்களுக்கு இவை மூன்றும் சேர்ந்துதான் முழுப் படம்.

முதலில் தேடும் வசதி. சொல்லைப் போட்டுத் தேடலாம், நீதிபதி பெயரால் தேடலாம், ஆண்டு, தொகுதி வாரியாகத் தேடலாம். எனக்கு அதிகம் பிடித்தது, அமர்வில் எத்தனை நீதிபதிகள் என்ற எண்ணிக்கையை வைத்துத் தேடுவது. இது ஏதோ அலங்காரம் என்றுதான் முதலில் நினைத்தேன். மத்திய-மாநில வழக்குகளுக்கு இந்த எண்ணிக்கைதான் உயிர் என்பது என் செஸ் வழக்கைப் படித்தபோது புரிந்தது.

‘இந்தியா சிமெண்ட்ஸ் எதிர் தமிழ்நாடு அரசு’ என்பது அந்த வழக்கின் பெயர். பெயரில் மத்திய அரசே இல்லை. ஒரு நிறுவனம், ஒரு மாநில அரசு, அவ்வளவுதான். ஆனால் உள்ளே போனால் முழுக்க முழுக்க டெல்லிக்கும் சென்னைக்கும் இடையிலான எல்லைத் தகராறு. எந்த அதிகாரம் யாருக்கு என்று அரசியல் சாசனம் பிரித்துத் தரும் பட்டியல்களில், மாநிலப் பட்டியலின் 50ஆம் பதிவு, கனிம உரிமைகள் மீது வரி போடும் அதிகாரத்தை மாநிலத்துக்குத் தருகிறது. ஆனால் கனிம வளர்ச்சி குறித்து நாடாளுமன்றம் சட்டத்தால் விதிக்கும் வரம்புகளுக்கு உட்பட்டு. மத்தியப் பட்டியலின் 54ஆம் பதிவைக் கொண்டு நாடாளுமன்றம் 1957-ல் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தை இயற்றியது. அதன் 9ஆம் பிரிவு ராயல்டியை நிர்ணயிக்கிறது. ராயல்டியே ஒரு வரி என்றால், அந்த இடத்தில் நாடாளுமன்றம் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது, அதன் மேல் மாநிலம் இன்னொரு வரி போட இடமில்லை. 1989 அக்டோபர் 25 அன்று 7 நீதிபதிகள் அப்படித்தான் முடிவு செய்தார்கள். ஏற்கெனவே வசூலித்ததைத் திருப்பித் தர வேண்டாம், இனிமேல் வசூலிக்கக் கூடாது என்றார்கள். கண்காணிப்பாளர் சொல்லி நான் பென்சில் கோடு போட்டது அதனால்தான்.

பிறகு நடந்ததைப் படித்தபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். 2004-ல் மேற்கு வங்காளத்துக்கும் கேசோராம் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் 5 நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். அதில் பெரும்பான்மை சொன்னது இது: 1989 தீர்ப்பில் ‘ராயல்டி ஒரு வரி’ என்று இருக்கும் வாசகம் எழுத்துப் பிழை, ‘ராயல்டி மீதான செஸ் ஒரு வரி’ என்று இருந்திருக்க வேண்டும். சுருக்கெழுத்தரின் பேய் வேலையோ கவனக்குறைவோ காரணமாக இருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். நான் அந்தப் பத்தியைத் திரையில் பெரிதாக்கி, 1989 தீர்ப்பின் 34ஆம் பத்தியைப் பக்கத்தில் வைத்து, ஒரு சொல் ஒரு சொல்லாக ஒப்பிட்டேன். பதிவேட்டில் ஒரு சுழியம் இடம் மாறிப் போனால் தணிக்கையின்போது எவ்வளவு பாடுபடுவோம் என்று கணக்குப் பிரிவில் இருந்தவர்களுக்குத் தெரியும். இங்கே ஒன்றிரண்டு சொற்களின் மேல் ஒரு நாட்டின் மாநிலங்களுடைய வரி உரிமையே நின்றுகொண்டிருந்தது.

5 பேர் சொன்னதால் 7 பேரின் தீர்ப்பு மாறிவிடாது. எண்ணிக்கை குறைந்த அமர்வு, எண்ணிக்கை கூடிய அமர்வின் தீர்ப்பைத் திருத்த முடியாது. ஆகவே இரண்டு தீர்ப்பும் ஒன்றுக்கொன்று முரணாகவே உயிரோடு இருந்தன. 2011-ல் 3 நீதிபதிகள், இதை 9 பேர் கொண்ட அமர்வு தீர்க்கட்டும் என்று 11 கேள்விகளோடு அனுப்பினார்கள். அந்த 9 பேர் உட்கார்ந்தது 2024 பிப்ரவரி 27 அன்று. நடுவில் 13 ஆண்டு. மாநிலங்களுக்கும் மத்திய அரசுக்கும் உள்ள வழக்குகளில் நீதிமன்றம் தீர்ப்பால் மட்டும் அல்ல, காத்திருப்பாலும் ஒரு பக்கத்துக்குச் சாய்வு கொடுக்கிறது என்பதை எனக்குக் காட்டியது இந்தத் தேதிகள்தாம். வழக்கு தூங்கிய ஒவ்வோர் ஆண்டும், எந்தச் சட்டம் அப்போது நடைமுறையில் இருக்கிறதோ அந்தப் பக்கம் வென்றுகொண்டே இருக்கிறது. எங்கள் ஒன்றியத்தில் அந்தப் பத்தி காலியாகவே இருந்தது.

விசாரணை எட்டு நாள் நடந்தது. எல்லா நாளும் நேரலை பார்த்தேன் என்று சொன்னால் பொய். ஐந்து நாள் பார்த்தேன். காலையில் சமையலை முடித்துவிட்டு மேசையில் நோட்டு, கண்ணாடி, தண்ணீர்ச் செம்போடு உட்கார்ந்துவிடுவேன். என் தங்கை மகள் சட்டக் கல்லூரி மாணவி. கல்லூரி விடுமுறை நாளில் அவளும் வந்து உட்காருவாள். இரண்டாம் நாள் பாதியில் அவள் என்னைப் பார்த்து, “பெரியம்மா, இவர்கள் ராயல்டியைப் பற்றியே பேசுகிறார்கள். செஸ்ஸைப் பற்றி எப்போது வரும்?” என்று கேட்டாள். ராயல்டி என்றால் என்ன என்று முடிவானால் செஸ் தானாக முடிவாகிவிடும் என்று சொன்னேன். குத்தகை எடுத்தவன் நிலச் சொந்தக்காரனுக்குக் கொடுக்கும் விலையா, அரசு தன் அதிகாரத்தால் பிடுங்கும் வரியா? முழு வழக்கும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான். பதினைந்து வயல் குத்தகைச் சீட்டைப் பார்த்த எங்களுக்கு அது வாரம் போன்றதுதான், அதாவது குத்தகைக்காரன் நிலச் சொந்தக்காரனுக்கு அளக்கும் பங்கு. அந்தச் சாதாரண அறிவுக்கு 35 ஆண்டு கழித்துச் சட்ட முத்திரை கிடைத்தது.

நேரலையின் குறை ஆங்கிலம். நான் ஆங்கிலத்தில் எழுதியதைப் படித்துவிடுவேன். மூத்த வழக்கறிஞர்கள் பேசும் வேகத்தில் காதால் பிடிக்க முடியாது. அரசியல் சாசனம் 348ஆம் பிரிவு உச்ச நீதிமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் என்று சொல்கிறது, அதனால் இது இன்று நேற்று மாறப்போவதில்லை. இங்கேதான் பேச்சின் எழுத்துப் பிரதி கைகொடுக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவியின் உதவியோடு தயாராகும் அந்தப் பிரதியில் நீதிபதி கேட்ட கேள்வி, வழக்கறிஞர் சொன்ன பதில், நடுவில் இன்னொரு நீதிபதி குறுக்கிட்டது, எல்லாம் பெயரோடு வரிசையாக இருக்கும். மதியம் நேரலையில் விட்டதை இரவில் பிரதியில் படித்துப் பிடித்தேன். என்னைப் போன்றவர்களுக்கு மூன்று சேவைகளில் முதலிடம் இதற்குத்தான்.

2024 ஜூலை 25 அன்று தீர்ப்பு வந்தது. 8-க்கு 1. தலைமை நீதிபதி சந்திரசூட் எட்டுப் பேருக்காக எழுதினார்: ராயல்டி வரி அல்ல, குத்தகை ஒப்பந்தத்தின் பேரில் கொடுக்கும் தொகை. 1957 சட்டம் மாநிலத்தின் வரி விதிக்கும் அதிகாரத்தைத் தடுக்கவில்லை. கனிமம் உள்ள நிலமும் நிலம்தான், மாநிலப் பட்டியலின் 49ஆம் பதிவின்படி அதன்மேல் வரி போடலாம். 1989 தீர்ப்பு தவறு.

அன்று சாயங்காலம் நான் காசு கட்டிப் பார்க்கும் ஒரு தனியார் சட்டச் செய்திச் செயலி, மாநிலங்களுக்குக் கட்டுப்பாடற்ற அதிகாரம் கிடைத்துவிட்டது என்று சுருக்கம் போட்டது. பெயர் வேண்டாம். அதை நம்பி எங்கள் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் அப்படியே பேசத் தயாரானேன். நல்லவேளையாகக் கூட்டத்துக்கு முதல் நாள் இரவு மூலத் தீர்ப்பைத் திறந்தேன். 50ஆம் பதிவின்படி கனிம உரிமை வரிக்கு நாடாளுமன்றம் வரம்பு விதிக்கலாம், தடையே கூட விதிக்கலாம் என்று எட்டுப் பேரும் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். இப்போதுள்ள 1957 சட்டம் அப்படி விதிக்கவில்லை என்பதுதான் தீர்ப்பு. நாளைக்கே சட்டத்தைத் திருத்தினால் நிலைமை வேறு. அந்தச் செயலிக்கு நான் கட்டிய சந்தாவைப் புதுப்பிக்கவில்லை.

நீதிபதி நாகரத்னாவின் மாறுபட்ட தீர்ப்பையும் அவசியம் படியுங்கள். எனக்கு அதன் முடிவில் உடன்பாடு இல்லை. ஆனால் மாநிலங்கள் வரி போடுவதில் ஒன்றோடொன்று போட்டியிட்டால் கனிமங்களின் விலையும் தேசத்தின் கனிம வளர்ச்சியும் என்ன ஆகும் என்று அவர் கேட்பதை ஒதுக்கித் தள்ள முடியாது. இந்தத் தளத்தில் தோற்ற கருத்தும் வென்ற கருத்தும் ஒரே கோப்பில் இருக்கின்றன. செய்தித்தாளில் தோற்றது இரண்டு வரி. அதே சுரங்க விஷயத்தில் 1962-ல் ‘மேற்கு வங்காளம் எதிர் இந்திய ஒன்றியம்’ வழக்கையும் தேடி எடுத்தேன். மாநிலத்துக்குச் சொந்தமான நிலக்கரி நிலத்தை மத்திய அரசு கையகப்படுத்தலாம் என்று பெரும்பான்மை சொன்னபோது நீதிபதி சுப்பா ராவ் மட்டும் மறுத்து எழுதினார். ஒரு மாலை முழுவதும் அதில் போயிற்று.

தீர்ப்புக்குப் பின் இன்னொரு சண்டை. எந்தத் தேதியிலிருந்து? முன்தேதியிட்டு வசூலிப்பதை மத்திய அரசு எதிர்த்தது. ஆகஸ்ட் 14 அன்று நீதிமன்றம் ஒரு வழி சொன்னது: 2005 ஏப்ரல் 1-க்கு முந்தைய பரிவர்த்தனைகளுக்குக் கேட்கக் கூடாது, அதற்குப் பிந்தைய பாக்கியை 2026 ஏப்ரல் 1 முதல் 12 ஆண்டுத் தவணையில் கட்டலாம், ஜூலை 25-க்கு முந்தைய காலத்துக்கான கேட்புகளுக்கு வட்டியும் அபராதமும் இல்லை. கேட்பு, வசூல், நிலுவை. உச்ச நீதிமன்றமே அந்த மூன்று பத்தியையும் போட்டுக் கொடுத்தது போல இருந்தது. யார் சொன்னது சரி என்பதை ஜூலையில் முடிவு செய்தார்கள். யார் எவ்வளவு எப்போது கட்டுவது என்பதை ஆகஸ்டில். இரண்டாவதுதான் கருவூலங்களைத் தொடுகிறது. ஜூலைத் தீர்ப்போடு ஒப்பிட்டால் அது சிறிய உத்தரவு. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இந்தச் சேவை எனக்கு மகிழ்ச்சியை மட்டும் தரவில்லை. நம் சட்டமன்றம் நிறைவேற்றிய 10 மசோதாக்களின் கதையையும் இதே தளத்தில்தான் படித்தேன். அவற்றில் பழையவை 2020 ஜனவரியைச் சேர்ந்தவை. 2023 நவம்பர் 13-ல் ஆளுநர் ஒப்புதலை நிறுத்திவைத்தார். 18-ல் சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது. 28-ல் ஆளுநர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் 415 பக்கத் தீர்ப்பில் ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலக்கெடு வகுத்தார்கள், முழு நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்குத் தனி அதிகாரம் தரும் 142ஆம் பிரிவைப் பயன்படுத்தி 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகக் கொள்ளப்படும் என்றார்கள். கணினி மையத்தில் அதில் 60 பக்கத்தை அச்செடுத்து ஸ்பைரல் போட்டு வைத்திருக்கிறேன். மே மாதம் குடியரசுத் தலைவர் 143ஆம் பிரிவின் கீழ் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்திடம் கேட்டார். நவம்பர் 20 அன்று தலைமை நீதிபதி கவாய் தலைமையில் 5 நீதிபதிகள் கருத்துச் சொன்னார்கள்: நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளும் வழி அரசியல் சாசனத்தில் இல்லை, அதே நேரம் காரணமே சொல்லாமல் மசோதாவை நீண்ட காலம் கிடப்பில் போட்டால், முடிவெடுங்கள் என்ற அளவுக்கு மட்டும் நீதிமன்றம் கட்டளையிடலாம்.

இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தேன். மசோதாக்களுக்கு ஆளுநர் ஒப்புதல் தருவது பற்றிய 200ஆம் பிரிவின் வாசகத்தில் ‘இயன்ற விரைவில்’ என்றுதான் இருக்கிறது, நாள் கணக்கு இல்லை என்று 5 பேர் சொல்வது வாசகத்தின்படி சரியே. ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை. 34 ஆண்டில் என் மேசைக்கு வந்த எந்தக் கோப்பும் கெடு தேதி இல்லாமல் வந்ததில்லை. கிராமத்துக் குழாய் இணைப்பு மனுவுக்கு நாள் கணக்கு உண்டு, ஒரு மாநிலம் முழுதும் தேர்ந்தெடுத்த சபையின் சட்டத்துக்கு இல்லை என்பதை நான் ஏற்கவில்லை. ‘நீண்ட காலம்’ என்பது எவ்வளவு என்று இனி ஒவ்வொரு மசோதாவுக்கும் ஒவ்வொரு முறையும் வழக்குப் போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். செஸ் வழக்கில் 13 ஆண்டு பார்த்தவள் நான்.

தமிழைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தீர்ப்புகளை மாநில மொழிகளில் தரும் ஏற்பாடு 2019-ல் தொடங்கியபோது முதல் ஆறு மொழிகளில் தமிழ் இல்லை. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு சேர்த்தார்கள். இப்போது தேர்ந்தெடுத்த தீர்ப்புகள் தமிழில் கிடைக்கின்றன. ஆங்கில மூலமே அதிகாரபூர்வமானது என்ற குறிப்போடு. ஏற்பாடு நல்லது. ஆனால் தேர்வு செய்யும்போது மாநில உரிமைகளைத் தொடும் அரசியல் சாசன அமர்வுத் தீர்ப்புகளுக்கு முதலிடம் தர வேண்டும். ஒரு மாநிலத்தின் சட்டம் செல்லும், செல்லாது என்று முடிவாகும் இடத்தில் அந்த மாநிலத்தின் மொழியில் காரணம் இருக்க வேண்டாமா? விசாரணைப் பேச்சின் பிரதியும் தமிழில் வந்தால் ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் போடுவேன். இப்போதைக்கு நான்கு.

தமிழ்நாடு கனிமம் உள்ள நிலங்கள் மீதான வரிச் சட்டத்தை இயற்றி, 2025 ஏப்ரல் 4 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய். செய்தி வந்த அன்று என் பழைய நோட்டில் தேதியோடு குறித்து வைத்தேன்.

படிக்க விரும்புகிறவர்கள் 2024 ஐ.என்.எஸ்.சி. 554 என்று தேடுங்கள்; அது ஜூலைத் தீர்ப்புக்கு உச்ச நீதிமன்றம் கொடுத்த எண். முதலில் சந்திரசூட் எழுதிய தீர்ப்பின் கடைசியில் உள்ள முடிவுரையைப் படித்துவிட்டு, பிறகு முதலில் இருந்து தொடங்குங்கள். ராயல்டி என்றால் என்ன என்று விளக்கும் பகுதி வரும்போது பக்கத்தில் ஒரு நிலக் குத்தகைச் சீட்டு இருந்தால் இன்னும் சுலபமாகப் புரியும். அடுத்து ஆகஸ்ட் 14 உத்தரவான 607-ஐத் திறந்து தேதிகளைப் பாருங்கள். நாகரத்னாவின் தீர்ப்பை மறுநாள் காலையில், மனம் தெளிவாக இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள்.